பத்து விரல்களின் உழைப்பு

யூரோ நாணயம் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு ஜெர்மனியில் செல்லுபடியாகி வந்த 100 மார்க் நோட்டில் ஓர் இளம்பெண்ணின் முகம் அச்சிடப்பட்டிருந்தது. நோட்டின் பின்புறத்தில் ஒரு பெரிய பியானோ. அந்த முகத்துக்கு உரியவர் கிளாரா ஷூமன். இசை உலகம் அவரைப் பெரும்பாலும் இரண்டு ஆண்களின் வழியாகவே நினைவில் வைத்திருக்கிறது. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் மனைவி என்பார்கள். யோஹன்னஸ் பிராம்ஸின் வாழ்நாள் தோழி என்பார்கள். இரண்டும் உண்மையே. ஆனால், அவருடைய முகத்தைக் கவிதை நூலின் அட்டையில் போடாமல் பணத்தாளில் போட்டவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, மிகப் பொருத்தமான இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். கிளாராவின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள வரவு செலவுக் கணக்கிலிருந்து தொடங்குவதே சரி.

ஒன்பது வயதில் மேடையேறியவர் எழுபத்தொரு வயதில்தான் மேடையிலிருந்து இறங்கினார். இடைப்பட்ட காலத்தில் அவர் வாசித்த நிகழ்ச்சிகளின் அச்சிட்ட நிரல்கள் 1,300-க்கும் மேற்பட்டவை இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றைத் தேதிவாரியாகச் சேர்த்து வைத்தவர்களுள் முதன்மையானவர் அவரேதான். எட்டுக் குழந்தைகளைப் பெற்றவர். மனநோய்க்கு ஆளான கணவரின் மருத்துவச் செலவைச் சுமந்தவர். முப்பத்தாறு வயதில் கைம்பெண்ணானவர். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள், தன் பத்து விரல்களைத் தவிர வேறு பெரிய சொத்து இல்லாமல் ஒரு குடும்பத்தை நிறுத்திக் காட்டினார்.

லைப்சிக் நகரில் 1819 செப்டம்பர் 13 அன்று கிளாரா பிறந்தார். தந்தை ஃப்ரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர். பியானோ வணிகமும் செய்தார். தாய் மரியான பாடகி, பியானோவும் வாசிப்பவர். கிளாராவுக்கு ஐந்து வயது நிறைவதற்குள் பெற்றோர் பிரிந்தார்கள். அன்றைய சாக்சனி நாட்டுச் சட்டப்படி குழந்தைகள் தந்தைக்கே உரியவர்கள். ஆகவே கிளாரா வீக்கிடம் வந்து சேர்ந்தார். நான்கு வயது கடந்தும் அவருக்குப் பேச்சு வரவில்லை. காது கேட்கவில்லையோ என்று வீட்டார் ஐயுற்றார்கள். பேசக் கற்பதற்கு முன்பே அந்தக் குழந்தை பியானோவின் ஒலியைக் கூர்ந்து கேட்டு விரல்களால் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டது.

வீக்கைப் பற்றிப் பிற்காலத்தார் கடுமையாகவே எழுதியிருக்கிறார்கள். கடுமை நியாயமானதே. எனினும், ஓர் ஆசிரியராக அவர் சாதாரணமானவர் அல்லர். மணிக்கணக்கில் குழந்தையைப் பியானோ முன் உட்காரவைத்துச் சோர்வடையச் செய்யும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரப் பாடம், இரண்டு அல்லது மூன்று மணி நேரப் பயிற்சி, தவறாத நடைப்பயிற்சி என்று வகுத்துக்கொண்டார். இசைக் கோட்பாடும், இசை எழுதும் முறையும், பாட்டும் கூடவே கற்பித்தார். அவருடைய உடைமை உணர்வுதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. 1827-இல் மகளின் பெயரில் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கி, மகளே எழுதுவதுபோல் நான், எனது என்று தன்மையில் எழுதினார் அவர். கிளாரா வளர்ந்து தானே எழுதத் தொடங்கிய பிறகும் தந்தையின் மேற்பார்வை நீங்கவில்லை. ஒரு பெண் தன் அகவாழ்வை முதன்முதலில் தந்தையின் கையெழுத்தில் வாசிக்க நேர்ந்தது.

லைப்சிக்கின் புகழ்பெற்ற கேவண்ட்ஹவுஸ் அரங்கில் 1828 அக்டோபர் 20 அன்று, ஒன்பது வயதுச் சிறுமியாகக் கிளாரா முதன்முதலில் வாசித்தார். இரண்டே ஆண்டுகளில், 1830 நவம்பரில், அதே அரங்கில் அவர் பெயரிலேயே தனிநிகழ்ச்சி. அக்காலத்தில் கச்சேரி முகவர்கள் இல்லை. ஒரு நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள பெரிய மனிதர்களைக் கண்டு அறிமுகக் கடிதம் கொடுக்க வேண்டும். அரங்கை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். நல்ல பியானோவைத் தேடிச் சுருதி சேர்க்க வேண்டும். நுழைவுச்சீட்டு அச்சடித்து விற்க வேண்டும். உடன் பாடவும் வாசிக்கவும் உள்ளூர்க் கலைஞர்களைத் திரட்ட வேண்டும். இவை அனைத்தையும் வீக் செய்தார். வைமரில் முதியவர் கதேயின் முன் வாசித்துப் பாராட்டுப் பெற்றதும், 1832-இல் பாரிஸில் காலரா பரவியதால் சீமான்கள் ஊரைவிட்டு வெளியேற, எதிர்பார்த்த கூட்டம் வராமல் போனதும் இந்தப் பயணங்களில்தான். அருகிலிருந்து பார்த்த சிறுமி இசையோடு தொழிலையும் கற்றுக்கொண்டாள்.

பதினாறு வயதில் தானே எழுதிய பியானோ கான்செர்ட்டோவை மெண்டல்சன் நடத்திய இசைக்குழுவுடன் கேவண்ட்ஹவுஸில் வாசித்தார். பதினெட்டு வயதில் வியன்னாவில் அடைந்த வெற்றி அவரை ஐரோப்பாவின் முன்வரிசைக் கலைஞராக்கியது. 1838-இல் ஆஸ்திரியப் பேரரசின் அரசவைக் கலைஞர் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டம் அவர் வயதில் ஒரு பெண்ணுக்கு, அதுவும் அயல்நாட்டவருக்கு, எளிதில் தரப்படுவதன்று. முன்னால் இசைத்தாள் வைக்காமல் நினைவிலிருந்தே வாசிக்கும் வழக்கத்தை அவர் மேற்கொண்டபோது, அது தலைக்கனம் என்று பெர்லினில் முகம் சுளித்தவர்களும் உண்டு. இன்று இசைத்தாளை வைத்துக்கொண்டு தனிநிகழ்ச்சிக்கு அமரும் பியானோக் கலைஞரைத்தான் மக்கள் வியப்போடு பார்க்கிறார்கள்.

வீக்கிடம் மாணவராக வந்து 1830-இல் அவர் வீட்டிலேயே தங்கியவர் ராபர்ட் ஷூமன். வலக்கை விரல் செயலிழந்ததால் பியானோக் கலைஞராகும் கனவைக் கைவிட்டு இசையமைப்பிலும் இதழ்ப்பணியிலும் இறங்கியவர். அவருக்கும் கிளாராவுக்கும் காதல் மலர்ந்தது. கிளாராவின் பதினெட்டாம் பிறந்தநாளன்று ராபர்ட் முறைப்படி பெண் கேட்டபோது வீக் மறுத்தார். வளர்த்தெடுத்த கலையும் ஈட்டித் தந்த வருவாயும் நிலையான வருமானமில்லாத ஒருவரின் வீட்டுக்குப் போய்விடும் என்பது அவர் கவலை. 1839 தொடக்கத்தில் மகளைத் தந்தையின் துணையில்லாமல் பாரிஸுக்கு அனுப்பினார். தனியே போனால் தடுமாறித் திரும்புவாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். கிளாரா அங்கே அரங்கு பிடித்தார், பாடம் எடுத்தார், நிகழ்ச்சி நடத்தினார். தந்தை இல்லாமலும் தொழில் நடக்கும் என்று அவர் அறிந்துகொண்ட மாதங்கள் அவை. பிறகு வழக்கு. கச்சேரிகளில் மகள் ஈட்டிய பணத்தையும் தர மறுத்த தந்தையை எதிர்த்து நீதிமன்றம் சென்று அனுமதி பெற்று, 1840 செப்டம்பர் 12 அன்று ராபர்ட்டை மணந்தார். மறுநாள் அவருக்கு இருபத்தொரு வயது. சட்டப்படி தந்தையின் அனுமதியே தேவைப்பட்டிருக்காது.

காதல் கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். கிளாராவின் தொழில் வாழ்க்கைக்கு உண்மையான சோதனை இங்கேதான் தொடங்கியது. ராபர்ட் இசை எழுதும்போது வீட்டில் வேறு ஒலி எழக் கூடாது. சுவர்கள் மெல்லியவை. கணவர் எழுதிக்கொண்டிருக்கும் நாள்களில் ஐரோப்பாவின் தலைசிறந்த பியானோக் கலைஞர் தன் பியானோவைத் திறக்காமல் இருந்தார். கை பழக்கம் விட்டுப்போகிறதே என்ற வருத்தம் தம்பதியர் மாறிமாறி எழுதிய நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. ராபர்ட்டுக்கும் அது தெரியும், குற்றவுணர்வும் இருந்தது, ஆனால் ஏற்பாடு மாறவில்லை. 1841 முதல் 1854 வரை எட்டுக் குழந்தைகள் பிறந்தன. ஒரு குழந்தை இரண்டு வயது நிறையும் முன்பே இறந்துபோனது.

இருந்தும் அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டது என்பதே நேரடிக் காரணம். 1842-இல் கணவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே கோபன்ஹேகன் சென்றார். கணவர் இல்லாமல் ஒரு மனைவி கடல் கடந்து கச்சேரிக்குப் போவது ஊர் வாய்க்கு அவலாயிற்று. 1844-இல் இருவரும் ரஷ்யாவுக்குப் புறப்பட்டார்கள். அந்நாட்டில் ரயில் பாதை இன்னும் விரியாத காலம். பனியிலும் சேற்றிலும் வண்டிப் பயணம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரச குடும்பத்தின் முன் கிளாரா வாசித்தார். வழியில் ராபர்ட் நோயுற்றார். புகழ்பெற்ற மனைவியின் உடன்வரும் கணவராக நடத்தப்பட்டது அவர் மனத்தைப் புண்படுத்தியது. ஆனால் அந்தப் பயணத்தின் வரவுதான் குடும்பத்தைத் தாங்கியது.

ஊர் மாறி டிரெஸ்டனில் வாழ்ந்த காலத்தில், 1849 மே மாதம் அங்கு கிளர்ச்சி வெடித்தது. ஆயுதம் ஏந்தத் தகுந்த ஆண்களைக் கிளர்ச்சிக் குழுவினர் வீடுவீடாகத் தேடினார்கள். கிளாரா, ராபர்ட்டையும் மூத்த மகளையும் தோட்டத்து வாயில் வழியாக ஊருக்கு வெளியே கொண்டுசேர்த்தார். பிறகு ஏழு மாதக் கர்ப்பிணியாக, துப்பாக்கிச் சூட்டுக்கிடையே நகருக்குள் திரும்பி நடந்து மற்றப் பிள்ளைகளை அழைத்து வந்தார். அவருடைய இயல்பைச் சொல்ல இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

இந்த ஆண்டுகளில் அவர் செய்த இன்னொரு பணி எந்த நிகழ்ச்சி நிரலிலும் இடம்பெறாதது. ராபர்ட் 1848-இல் டிரெஸ்டனில் ஒரு சேர்ந்திசைச் சங்கத்தைத் தொடங்கினார். ஆணும் பெண்ணும் கூடிப் பாடும் அத்தகைய குழுக்கள் அன்றைய ஜெர்மானிய நகரங்களில் பரவலாக இருந்தன. பாடியவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். குழுவுக்குப் பாட்டைப் பழக்கும்போது பியானோவில் துணை வாசிப்பவர் ஒருவர் வேண்டும். அந்த வேலையைக் கிளாரா செய்தார். அந்தக் குழுவுக்காகவே மூன்று சேர்ந்திசைப் பாடல்கள் எழுதி, கணவரின் பிறந்தநாள் பரிசாக அளித்தார். அவை அச்சேற நூற்று நாற்பது ஆண்டுகளாயின.

1850-இல் ராபர்ட்டுக்கு டியூசல்டார்ஃப் நகர இசை இயக்குநர் பதவி கிடைத்தது. நகரின் இசைக்குழுவையும் சேர்ந்திசைக் குழுவையும் நடத்த வேண்டிய பொறுப்பு. நடத்துநர் என்பவர் நூறு பேரின் கவனத்தைத் தன் கைநுனியில் நிறுத்த வேண்டியவர். எங்கே மூச்சு விடுவது, எங்கே ஒருவர் பிந்துகிறார், எந்தக் குரல் சுருதி இறங்குகிறது என்று அந்தக் கணமே கேட்டு, அந்தக் கணமே சொல்ல வேண்டும். ராபர்ட் மெல்லிய குரலில் பேசுபவர். தன் சிந்தனையில் ஆழ்ந்துபோகிறவர். குழு தவறவிடும்போது நிறுத்தித் திருத்துவதற்குப் பதிலாக மனத்துக்குள் ஒலிக்கும் இசையைக் கேட்டுக்கொண்டு நின்றார். நடத்துகோல் கையிலிருந்து நழுவாமலிருக்க அதை மணிக்கட்டில் கயிற்றால் கட்டிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். ஒத்திகைகளில் பியானோவின் முன் இருந்த கிளாரா, கணவர் சொல்லாததைத் தன் வாசிப்பினாலேயே சொன்னார். தாளத்தை அழுத்திக் காட்டினார். நுழைய வேண்டிய இடத்தில் பாடகர்களைக் கைதூக்கி விட்டார். பக்கத்தில் இருந்து வாசிப்பவரே குழுவை நடத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இருக்க முடியாது. அவரையே நடத்துநராக்கலாமே என்ற எண்ணம் அந்நகரில் எவருக்கும் எழவில்லை. அக்காலத்தில் எழுந்திருக்கவும் முடியாது.

அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 1853 அக்டோபரில் ஒரு நிகழ்ச்சி சிதறிப்போன பிறகு சேர்ந்திசைக் குழுவினர் ராபர்ட்டின் கீழ்ப் பாட மறுத்தார்கள். சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் வீடு தேடி வந்து, இனி அவர் தம் சொந்தப் படைப்புகளை மட்டும் நடத்தினால் போதும் என்று தெரிவித்தார்கள். கிளாரா கொதித்துப்போனார்; சூழ்ச்சி என்றே நம்பினார். நடுநிலையோடு பார்த்தால் குழுவினர் கேட்டதில் நியாயம் இருந்தது. கணவரைப் பற்றிய இந்த ஒரு விஷயத்தில் கிளாராவின் கூரிய காது கேட்க மறுத்துவிட்டது.

அதே 1853-ஆம் ஆண்டில் வேறொன்றும் நிகழ்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் குடும்பம் புது வீட்டுக்கு மாறியது. மணவாழ்வில் முதன்முறையாக, கணவரின் காதுக்கு எட்டாத ஓர் அறை கிளாராவின் பியானோவுக்குக் கிடைத்தது. அந்தக் கோடையில் ஒன்றன்பின் ஒன்றாக அவர் எழுதினார்: ராபர்ட்டின் மெட்டு ஒன்றின்மீது வேறுபாட்டு வடிவங்கள், பியானோவுக்கான ரொமான்ஸ்கள், வயலினுக்கும் பியானோவுக்குமான மூன்று ரொமான்ஸ்கள், ஆறு பாடல்கள். ஏற்கெனவே 1846-இல் அவர் எழுதிய பியானோ ட்ரையோ இன்று உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. பெண்ணால் இசையமைக்க முடியுமா என்று தன் நாட்குறிப்பில் தானே ஐயுற்றவர்தான் அவர். ஐயத்தைத் தீர்க்கத் தேவைப்பட்டது ஒரு கதவும் சில அமைதியான மாதங்களும் மட்டுமே.

அடுத்த பிப்ரவரி 27 அன்று ராபர்ட் வீட்டைவிட்டு வெளியேறி ரைன் ஆற்றில் குதித்தார். மீட்கப்பட்டு, சில நாள்களில் பான் நகருக்கு அருகே எண்டெனிக்கில் இருந்த மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். மனைவியைக் கண்டால் நோயாளி கிளர்ச்சியடைவார் என்று மருத்துவர்கள் கருதினார்கள். இரண்டரை ஆண்டுகள் கிளாரா கணவரைப் பார்க்க அனுமதிக்கப்படவில்லை. ஜூன் மாதம் எட்டாவது குழந்தை ஃபெலிக்ஸ் பிறந்தான். நண்பர்கள் அவருக்காக உதவிக் கச்சேரிகள் நடத்த முன்வந்தார்கள். மறுத்துவிட்டார். தன் கைகள் இருக்கும்போது பிறர் நிதி திரட்டுவதை அவர் ஏற்கவில்லை. கைக்குழந்தையைச் செவிலியிடம் ஒப்படைத்துவிட்டு அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் பயணம் புறப்பட்டார்: ஹனோவர், லைப்சிக், வைமர், ஹாம்பர்க், பெர்லின் என்று நகரத்துக்குப் பின் நகரம். முந்தைய ஆண்டு ராபர்ட்டைத் தேடி வந்திருந்த இருபத்தோரு வயது பிராம்ஸ், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு டியூசல்டார்ஃப் வீட்டில் இருந்தார். வீட்டுக் கணக்கேட்டில் அந்நாள்களின் செலவுகளை எழுதியதும் அவரே. அவர்கள் இருவருக்கும் இடையே இருந்தது என்ன என்று ஆராய்வதில் எழுத்தாளர்கள் செலவிட்ட மை கொஞ்சமன்று. ஒரு பெண் வேலைக்குப் போக, ஓர் இளைஞன் வீட்டைப் பார்த்துக்கொண்டான் என்ற எளிய செய்தி அந்த மையில் மறைந்துபோனது.

1856 கோடையில் இங்கிலாந்துப் பயணத்தை முடித்துத் திரும்பிய பிறகு, ஜூலை 27 அன்று, கணவரைக் காண அவருக்கு வாய்த்தது. இரண்டு நாள்களில் ராபர்ட் இறந்தார்.

பிறகு வந்தவை பயணத்தின் ஆண்டுகள். தபால் வண்டியில் தொடங்கிய அவருடைய கலைவாழ்க்கை ரயில் காலத்துக்கு வந்துவிட்டிருந்தது. கோடையில் ஓய்வும் பாடமும்; குளிர்காலத்தில் கச்சேரிகள். அதுவே பருவம் என்பதால், வலிக்கும் கையும் குளிரும் ஒருசேரத் தாக்கின. இங்கிலாந்துக்கு மட்டும் 1888 வரை திரும்பத் திரும்பச் சென்றார். லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் நடந்த கச்சேரிகளில், குறைந்த கட்டணத்தில் சீட்டு வாங்கி வந்து நின்ற எளிய ரசிகர்கள் அவரைத் தங்கள் கலைஞராகவே ஏற்றுக்கொண்டார்கள்.

வயலின் மேதை ஜோசப் யோவாகிமுடன் 200-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் அவர் வாசித்தார். பாடகர் யூலியுஸ் ஸ்டாக்ஹவுசனுக்கும் பியானோவில் துணை நின்றார். தனிக்கலைஞராக உச்சத்தில் இருந்த ஒருவர், இன்னொருவரின் குரலுக்கு இடம்விட்டு வாசிக்கவும் வல்லவராக இருப்பது அரிது. டிரெஸ்டனிலும் டியூசல்டார்ஃபிலும் ஒத்திகை அறைகளில் கழித்த மாலைகள் அதற்குக் கைகொடுத்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது.

நிகழ்ச்சி நிரல்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு மாற்றம் தெளிவாகத் தெரியும். சிறுமியாக இருந்தபோது ஹெர்ட்ஸ், பிக்சிஸ் போன்றோரின் விரல் வித்தைக்கான உருப்படிகளையே வாசித்தார். கூட்டம் அதைத்தான் கேட்டது. போகப்போக அவை மறைந்து, பாக், பேத்தோவன், ஷோபின், மெண்டல்சன், ஷூமன் என்று நிரல் மாறுகிறது. கலைஞர் தம் சொந்த வித்தையைக் காட்டுவதற்கான மேடை, இறந்துபோன இசையமைப்பாளர்களின் படைப்பைப் பணிவோடு முன்வைக்கும் மேடையாயிற்று. இன்று உலகின் எந்த நகரிலும் பியானோத் தனிநிகழ்ச்சி இருக்கும் வடிவத்தை அமைத்தவர்களில் அவர் ஒருவர். இதனால் இழப்பும் உண்டு. மேடையில் உடனுக்குடன் இசை புனையும் பழக்கம் மெல்ல அருகியது. கிளாரா மட்டும் ஓர் உருப்படிக்கும் அடுத்ததற்கும் இடையே கற்பனையாகச் சில அடிகள் வாசிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடவில்லை.

1856-க்குப் பிறகு கிளாரா ஏறக்குறைய எதுவும் எழுதவில்லை. சமூகம் ஒரு பெண் இசையமைப்பாளரை ஒடுக்கியது என்று இன்று இதை விளக்குகிறார்கள். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. இசை எழுதினால் பதிப்பாளர் தருவது சொற்பம், அதுவும் தாமதமாக. மேடையில் வாசித்தால் அன்றிரவே கையில் பணம். ஏழு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் செலுத்த வேண்டியவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இதற்கும் மேலாக, வாசிப்பதை அவர் தியாகமாகக் கருதவே இல்லை. 1868-இல் பிராம்ஸ், ஊர் ஊராக அலைவதைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கடிதத்தில் எழுதியபோது கிளாரா மனம் புண்பட்டார். கலையைப் பயில்வது தனக்கு மூச்சுக்காற்று என்ற பொருளில் மறுமொழி எழுதினார். அவரை எழுதாமல் போன மேதை என்று இரங்குவது, அவர் வாழ்நாளெல்லாம் பெருமையோடு செய்த வேலையை இரண்டாம்பட்சமாக்கிவிடும்.

அந்தப் பெருமைக்கு வீட்டில் விலை கொடுக்கப்பட்டது. பிள்ளைகள் உறவினர் வீடுகளிலும் விடுதிப் பள்ளிகளிலும் சிதறி வளர்ந்தார்கள். தாய் அவர்களுக்குப் பெரும்பாலும் கடிதங்களாகவே வந்து சேர்ந்தார். லுட்விக் மனநோய்க்கு ஆளாகி விடுதியில் அடைக்கப்பட்டு அங்கேயே வாழ்ந்து முடிந்தார். யூலி 1872-இல் மறைந்தார். கவிதை எழுதிய ஃபெலிக்ஸ் இருபத்து நான்கு வயதில் காசநோயால் இறந்தார். போருக்குச் சென்று திரும்பிய ஃபெர்டினான்ட், வலிக்குத் தரப்பட்ட மார்ஃபினுக்கு அடிமையாகி 1891-இல் மடிந்தார். அவருடைய பிள்ளைகளின் செலவும் பாட்டியின் தலையில் விழுந்தது. எழுபது வயதைக் கடந்தும் கிளாரா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இது.

கணவரின் படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்ததிலும் அவருடைய இரண்டு முகங்கள் தெரிகின்றன. பிராம்ஸின் துணையோடு 1881 முதல் பல ஆண்டுகள் உழைத்து முழுத்தொகுப்பை வெளியிட்டார். ராபர்ட்டின் நோய்க்காலத்தை ஒட்டிய சில படைப்புகள் அவர் புகழுக்கு இழுக்கு என்று கருதியபோது மறைத்தும்விட்டார். வயலின் கான்செர்ட்டோ 1937 வரை அச்சேறவில்லை. செல்லோவுக்கான ரொமான்ஸ்களை 1893-இல் எரித்தே விட்டார். அவற்றை இனி எவரும் கேட்க முடியாது. காவலர் நீதிபதியாகவும் இருக்கத் துணிந்தது தவறு என்பதே என் கருத்து.

1878-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹோக் இசைப்பள்ளி அவரை ஆசிரியராக அழைத்தது. இயக்குநர் யோவாகிம் ராஃப், பெண்களை ஆசிரியர்களாக நியமிக்க விருப்பமில்லாதவர். கிளாரா ஷூமனைத் தான் ஓர் ஆணாகவே கணக்கில் கொள்வதாக எழுதி இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டார். கிளாரா தன் நிபந்தனைகளை முன்வைத்தார். பாடம் தன் வீட்டில்தான். நீண்ட விடுமுறை வேண்டும். குளிர்காலத்தில் கச்சேரிக்குப் போக எவரிடமும் அனுமதி கேட்க முடியாது. பள்ளி எல்லாவற்றுக்கும் இசைந்தது. மகள்கள் மரீயும் ஒய்கெனியும் உதவி ஆசிரியர்களானார்கள். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். இங்கிலாந்துப் பெண்கள் நிறைய. வேகத்தைக் காட்டுவதற்காக வேகமாக வாசிப்பவர்களை அவர் பொறுக்கவில்லை. விசையைக் குத்தாமல் அழுத்தி, பாடுவதுபோல் ஒலியை எழுப்பச் சொன்னார்.

1891 மார்ச் 12 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் கடைசியாகப் பொதுமேடையில் அமர்ந்தார். இரண்டு பியானோக்களுக்காக பிராம்ஸ் எழுதிய, ஹைடன் மெட்டின்மீதான வேறுபாட்டு வடிவங்களை அன்று வாசித்தார். அடுத்த ஆண்டு பள்ளியிலிருந்தும் விலகினார். 1895-இல் மகள்கள் வற்புறுத்தியதால், உருப்படிகளுக்கு இடையே தான் வாசித்து வந்த கற்பனை அடிகளில் சிலவற்றைத் தாளில் எழுதி வைத்தார். எழுதினால் அவை உறைந்துவிடுகின்றன என்பது அவருடைய குறை.

1896 மே 20 அன்று அவர் காலமானார். உடல் பான் நகரில் ராபர்ட்டின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. ஆஸ்திரியாவில் இருந்த பிராம்ஸ் ரயில் மாறி ரயில் ஏறி, ஏறத்தாழ இரண்டு நாள் பயணத்துக்குப் பின் வந்து சேர்ந்தார்.

கிளாராவின் வாசிப்பு எந்த ஒலிப்பதிவிலும் இல்லை. அவருடைய மாணவி ஃபேனி டேவிஸ், 1928-இல் ராபர்ட்டின் பியானோ கான்செர்ட்டோவை இசைத்தட்டில் பதிவுசெய்தார். தேய்ந்த தட்டின் கரகரப்பினூடே அது இன்றும் கேட்கக் கிடைக்கிறது. கிளாரா பலமுறை மேடையேற்றிய அதே கான்செர்ட்டோ அது.